கொசுறுக்குக் கணக்கில்லை

எல் ஆல்டோவில் காற்றுக்கே பஞ்சம்.
மாடிப்படியில் பாதியில் நின்று
என் மூச்சை நானே எண்ணுவேன்.
பிள்ளைகள் என்னைத் தாண்டி ஓடுவார்கள்.

வகுப்பின் மூலையில் கடை போட்டோம்.
கவிழ்த்த வாளிமேல் யோசெலின்,
ஐந்து வயது, சந்தைக்காரி மகள்,
அம்மாவின் ஏப்ரன் கணுக்கால் வரைக்கும்.
துணி மாட்டும் கம்பியில் தயிர்க் கிண்ணம் இரண்டைக் கட்டித்
தராசு செய்திருந்தேன். இடப்பக்கம் எப்போதும் தாழும்.
"பரவாயில்லை டீச்சர், எங்க தராசும் அப்படித்தான்" என்றாள்.
அவள் அம்மாவிடம் நான் இதைச் சொல்லவில்லை.

சோடா மூடிதான் காசு.
முட்டை அட்டை உண்டு, முட்டை இல்லை.
ஓட்ஸ் டப்பாவில் ஓட்ஸின் வாசனை மட்டும்.
உருளைக்கிழங்குக்கு வேஷமே தேவைப்படவில்லை:
இந்த ஊரில் அதை இரவுப் பனியில் உறையவிட்டு,
காலால் மிதித்து, வெயிலில் போட்டு,
கறுத்த கல்லாக்கித்தான் விற்பார்கள்.
இருபது கூழாங்கல் பொறுக்கி வந்தேன்.
வில்மர் ஒன்றைக் கடித்தே பார்த்துவிட்டான்.

என் திட்டம் எளிது.
வாங்க வருவது ஐந்து பேர்.
ஆளுக்கு நாலு மூடி, நாலு கிழங்கு.
தொட்டுத் தொட்டு எண்ண வேண்டும்,
ஒரு கல்லுக்கு ஒரு சொல்.
போன வாரம் வில்மர்
தன் கட்டைவிரலையும் சேர்த்து எண்ணியிருந்தான்.

யோசெலின் தப்பே செய்யவில்லை.
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.
மூடிகளை வாங்கினாள், ஏப்ரன் பையில் போட்டாள்.
பிறகு, முகம் அடுத்த ஆளைப் பார்த்திருக்க,
கை மட்டும் தனியாகப் போய்
இன்னொரு கல்லை எடுத்து வில்மரின் பைக்குள் விட்டது.

"பையில் எத்தனை?"
"நாலு."
கொட்டிக் காட்டினேன்.
"நாலும் கொசுறும்" என்றாள்.
"அப்படியென்றால் ஐந்து."
"எண்ணினா அது கொசுறு இல்லையே டீச்சர்.
வியாபாரம்."

என் நோட்டில் ஒரு கட்டம்:
ஐந்துவரை எண்ணத் தெரியும், ஆம் அல்லது இல்லை.
பென்சிலின் பின்முனையைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

நாலு பேர் வாங்கிப் போனார்கள்.
ஐந்தாவதாக சைரி வந்தான்.
கையில் வியர்த்த நாலு மூடி.
கூடையில் ஒன்றுமில்லை.

எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம், ஒப்புக்கொள்கிறேன்.
பாடம் தானாக நடந்துவிட்டது!
"கொசுறு நாலையும் திரும்பக் கேட்டால்
சைரிக்குச் சரியாக நாலு கிடைக்குமே" என்றேன்.
வில்மர் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.
யோசெலின் என்னைப் பார்த்த பார்வை,
சந்தையில் பேரம் பேசத் தெரியாத
வெளியூர்க்காரியைப் பார்க்கும் பார்வை.

சைரியின் உதடு பிதுங்க ஆரம்பித்தது.
அவள் ஏப்ரன் பைக்குள் கைவிட்டு
ஒரு மூடியை எடுத்து அவன் கையில் வைத்தாள்.
"இவ்வளவு நேரம் நின்னதுக்கு.
வியாழக்கிழமை வா, புதுச் சரக்கு வரும்."
கிழங்கே வாங்காமல்
நாலோடு வந்தவன் ஐந்தோடு போனான்.
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

வியாழக்கிழமை இருபத்தைந்து கல் வைத்தேன்.
கொசுறுக்கும் சேர்த்துத்தான்.
இரவு உட்கார்ந்து பெருக்கிப் பார்த்த கணக்கு,
எங்கும் இடிக்காது.
வெளியே தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை,
உள்ளே சைரி வரிசையில் முதல் ஆள்.
யோசெலின் எண்ணினாள். நாலு.
கை தனியாகப் போனது. கொசுறு.
"போன தடவைக்கு" என்று இன்னொன்று.

பிறகு வந்த மூவருக்கும் வழக்கம் போல.
கடைசியில் வில்மர்.
கூடையில் நாலு கல்.
கொடுத்த காசுக்கு அச்சாக நாலு,
ஒன்றுகூடக் குறையவில்லை.
பையைக் கவிழ்த்தான், உதறினான்,
உள்ளே கைவிட்டுத் துழாவினான்.

சைரியைவிடச் சத்தமாக அழுதான்.

கழித்தல் பாடம்
அடுத்த மாதம் என்றுதான் திட்டத்தில் இருந்தது.